கழுதை திரும்பிய கதை

அவள் ஹெயிட்டி நாட்டுக்காரி. லண்டன் குரோய்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஷிப்டில் வேலை செய்தோம். லீவு நாட்களில் அவள் நூலகங்களுக்குப் போய்த் தன் ஊர்க் கதைகளைச் சொல்வாள். தொடங்குமுன் “கிரிக்?” என்று கேட்பாள். கேட்க வந்தவர்கள் “கிராக்” என்று சொல்ல வேண்டும். ஆட்கள் முழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க, கதையின் நடுவிலும் கேட்பாள்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்தில் மிச்சம் என்ற ஊரின் நூலகத்தில் அவளுக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது. கதையைப் பதிந்து தந்தால் இணையத்திலும் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். என்னுடைய போனில் பதிந்து தருவதாக நான் ஒப்புக்கொண்டேன். அந்தக் கிழமை ஆறு நாளும் வேலை. ஆட்களைத் தூக்கி இருத்தி, படுக்க வைத்து, இடுப்பு விட்டுப்போயிருந்தது. போனில் பதிவைத் தட்டிவிட்டு முன்வரிசையில் இருந்தேன். கதிரை மெத்தென்று இருந்தது.

கைதட்டல் கேட்டுத்தான் எழும்பினேன். இடையில் என் கணவர் எனக்குப் போன் எடுத்திருக்கிறார். பதிவு அதோடு நின்றுவிட்டது. கதை தொடங்கி நாலு நிமிடம் மட்டும்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. மதியம்தான் வாய் திறந்தாள். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான், ஆனால் எனக்கு அது என் தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.

“போன் நிண்டது பரவாயில்லை. நான் கிரிக் எண்டு கேக்க, நீர் எனக்கு முன்னாலை இருந்து நித்திரை கொண்டனீர்.”

“ஓம். எனக்கு ஏலாமல் போச்சுது.”

“எனக்கும் ஏலாமல்தான் கிடக்கு,” என்றாள். “வாரும், திரும்பச் சொல்லுறன்.”

துவைத்த விரிப்புகள் அடுக்கும் அறையில் வெளிச்சத்தம் கேட்காது. கதவைச் சாத்தினோம். இந்த முறை கணவரின் அழைப்பும் வராதபடி போனை மாற்றி வைத்தேன். “கிராக்” சொல்ல நான் ஒருத்திதான்.

அவள் பலமுறை சொல்லிக் கேட்டு அந்தக் கதை எனக்கு மனப்பாடம். ஒரு சூதுக்காரனுக்கும் ஒரு அப்பாவிக்கும் பொதுவாக ஒரு கழுதை. இருவரும் மலைச்சந்தைக்குப் போகிறார்கள். ஏற்றத்தில் சூதுக்காரன் ஏறிப்போவது, இறக்கத்தில் அப்பாவி ஏறிவருவது என்று பேச்சு. உச்சியில் சூதுக்காரன் கழுதையை விற்றுவிடுவான். அப்பாவி நடந்தே வீட்டுக்கு வருவான். சனங்கள் அந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள்.

அன்றைக்கு அவள் சொன்னதில் கழுதை பாதி மலையில் நின்றது. பிறகு தானாகத் திரும்பியது. “திரும்பினா இறக்கம்தானே. இனி என்ரை முறை,” என்று சொல்லி, அப்பாவி சூதுக்காரனை இறக்கிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

போனை நிறுத்திவிட்டுக் கேட்டேன், “ஏன் மாத்தினனீர்?”

“தெரியேல்லை. இண்டைக்கு அவனை நடக்கவைக்க மனம் வரேல்லை.”

இருவரும் விரிப்புகளில் சாய்ந்துகொண்டோம். ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது.

பதிவை அனுப்பினோம். நூலகப் பெண் அவளுக்குப் போன் எடுத்து, தான் சனிக்கிழமை கேட்ட முடிவு இதுவல்லவே, எது சரியான கதை என்று விசாரித்தாள்.

“ரெண்டும் சரி,” என்று இவள் சொன்னாள். “ஆனா இதைத்தான் போடும்.”

அவர்கள் அப்படியே போட்டார்கள்.