கல்லுக்குள் சேர்த்து வைத்த வெயில்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் பிரவீனாவின் பக்கத்தில் உட்கார்ந்தால் தூங்க முடியாது. பாகலூரிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு அந்த பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் இது தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரியாது. நான் திண்டுக்கல் பக்கத்து ஆள். ஓசூர்க் குளிருக்குக் காதைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். முழங்கையால் ஓர் இடி.

"அக்கா, பஸ்ஸு பிரேக் போட்டா, அதுவரைக்கும் இருந்த வேகமெல்லாம் எங்க போவுது?"

"உங்க மாமியார் வீட்டுக்குப் போகுது. பேசாம தூங்கு தாயி" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பிரேக் போட்டதும் சக்கரத்துப் பக்கம் சூடாகிறது என்பதை அவள் ஏற்கெனவே தொட்டுப் பார்த்திருக்கிறாள். விரலைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறாள். அத்தனை சூடும் வீணாகப் போகிறதே என்பதுதான் அவள் கவலை. விடிந்தும் விடியாத நேரத்தில் ஒருத்திக்கு இப்படி ஒரு கவலை வருமா? இனி இவள் பக்கத்தில் உட்காரவே கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மறுநாளும் அங்கேதான் போய் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிரவீனாவுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். டிப்ளமோ படித்தவள். எங்கள் கம்பெனியில் மின்சார ஸ்கூட்டருக்கான பேட்டரி செய்கிறோம். நான் பேக்கிங்கில் இருக்கிறேன். அவள் இருப்பது புது மாடல்களைச் சோதிக்கும் பகுதியில். புது பேட்டரியை வரைந்து முடித்த உடனே ஆயிரக்கணக்கில் செய்துவிட மாட்டார்கள். முதலில் நாலைந்து செய்து, அவற்றைச் சூட்டில் போடுவார்கள், குளிரில் போடுவார்கள், குலுக்குவார்கள். எது எங்கே கெட்டுப்போகிறது என்று பார்ப்பது பிரவீனாவின் வேலை. ஒன்று கெட்டுவிட்டால் வரைந்தவர்களின் முகம் தொங்கிப்போகும். இவளுக்கு மட்டும் ஊர்த் திருவிழா வந்த மாதிரி இருக்கும். ஏன் கெட்டது என்று தேடலாமே!

வீட்டில் அவளுடைய கேள்வி மூட்டையை அவிழ்க்க வழியில்லை. கணவன் மணிவேல் எலக்ட்ரீஷியன். சொன்னதைச் செய்து கொடுப்பான், பதில் சொல்ல மாட்டான். மாமியார் வெங்கடம்மாளிடம் கேட்டால், "ஏன், எதுக்குன்னு கேட்டுக்கினே இருந்தா அடுப்புல ஒல கொதிச்சிருமா?" என்பார்.

வெங்கடம்மாளின் உலகமே பட்டுப்புழுதான். வீட்டுக்குப் பின்னால் மல்பெரித் தோட்டம், அதன் ஓரத்தில் புழு வீடு. புழு வளர்க்கிறவர்களுக்கு வாசனை என்றால் நடுக்கம். பூ வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது, பவுடர் கூடாது, கொசுவத்தி கூடாது, புகையிலை கூடவே கூடாது. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மோந்து பார்த்த பிறகுதான் வெங்கடம்மாள் உள்ளே விடுவார். முதல் தடவை நான் போனபோது என் தோளருகே மூக்கைக் கொண்டுவந்து, "தைலம் தேச்சிருக்கற. வெளியவே நில்லு" என்றார். முந்தின நாள் தேய்த்த தைலம் அது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மூக்கை மெச்சாமலும் இருக்க முடியவில்லை.

போன மார்கழியில் அவர்கள் வளர்த்த புழு முழுவதும் கெட்டுப்போனது. புழுவுக்கு இரவிலும் இதமான சூடு வேண்டும். கரண்ட் ஹீட்டர் வைத்திருந்தார்கள், கரண்ட் போய்விட்டது. கரி அடுப்பு மூட்டினார்கள், புகை சூழ்ந்துவிட்டது. புழுக்கள் இலையைத் தொடாமல் கிடந்து, கூடு கட்டாமலே செத்தன. மாமனார் சென்னப்பன் அதிகம் பேசாதவர். ஒன்றே ஒன்று சொன்னார்: "அடுத்த குளுருக்கும் இப்புடியே ஆச்சுன்னா மல்பெரிய புடுங்கிட்டு, தோட்டத்த ரோஜா கம்பெனிக்காரனுக்கு குத்தகைக்கு உட்டுரலாம்."

வெங்கடம்மாள் மறுத்துப் பேசவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து புழுவை விட்டுவிட்டு ஒரு பண்டிகைக்குக்கூடத் தாய்வீட்டில் தங்காதவர் அவர். புழு வீட்டைப் பூட்டிவிட்டால் அந்த அம்மா காலையில் எழுந்து எங்கே போவார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பிரவீனா அதை பஸ்ஸில் என்னிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளைச் சோகமாகப் பார்த்தது அன்றுதான்.

ஆனால் சோகம் அவளிடம் ரொம்ப நாள் குடியிருக்காது. ஒருநாள் வேலை முடிந்து திரும்பியவள், பொழுது சாய்ந்த பிறகு தோட்டத்து வேலிக் கல் மேல் உட்கார்ந்திருக்கிறாள். காற்று ஜில்லென்று அடிக்கிறது, உட்கார்ந்த கல் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. அவ்வளவுதான். மறுநாள் பஸ்ஸில் எனக்குப் பாடம் ஆரம்பமாகிவிட்டது. பகல் வெயிலைக் கல்லுக்குள் ஏற்றி, ராத்திரியில் புழு வீட்டுக்குள் இறக்க வேண்டுமாம்.

"பேட்டரி கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு கல்லைப் பத்திப் பேசுறியே. ரெண்டு பேட்டரியை வாங்கி வச்சாத்தான் என்ன?" என்றேன்.

"பேட்டரில கரண்ட்டத்தான் வெக்கலாம்க்கா. புழுவுக்கு கரண்ட்டா வேணும்? சூடுதான வேணும். சூட்ட வெக்கறதுக்கு கல்லு போதாதா?"

கேட்கிறபோது சரியாகத்தான் பட்டது. அதுதான் அவளிடம் உள்ள ஆபத்து.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? கிரானைட் பட்டறையில் ஓரம் அறுத்துப் போட்ட துண்டுகளை ஏற்றி வந்தார்கள். கிணற்று மோட்டாருக்குப் போட்ட சோலார் பேனல்கள், மழை பெய்து முடிந்த மாதங்களில் சும்மாதான் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் சிலவற்றின் வயரைப் பிரித்து, கல் நிரப்பிய பெரிய இரும்பு டிரம்முக்குள் இருந்த ஹீட்டர் கம்பியோடு இணைத்தான் மணிவேல். சூடு வெளியே ஓடிவிடாமல் டிரம்மைச் சுற்றிப் பழைய சாக்குகளைப் போர்த்தி, தகரத்தால் மூடினாள் பிரவீனா. அப்படியும் கொஞ்சம் சூடு கசியுமே, அதையும் விடுவானேன் என்று அவளுக்கு ஒரு யோசனை. வெளிக்காற்று முதலில் சாக்குகளுக்கு நடுவே புகுந்து, அங்கே கசிகிற சூட்டை வாரிக்கொண்டு, பிறகு கல்லுக்குள் போகும்படி வழி வைத்தாள். அங்கிருந்து பேட்டரியில் ஓடுகிற ஒரு குட்டி ஃபேன் அதைக் குழாய் வழியாகப் புழு வீட்டுக்குள் தள்ளும். புழு இல்லாமல் காலியாகக் கிடந்த புழு வீட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். விடியும்வரை வெதுவெதுப்பு குறையவில்லை. சென்னப்பன்கூட வந்து டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

புதுப் புழு வந்தது. எல்லாப் புழுவுக்கும் உடனே இந்தச் சூட்டை விடக் கூடாது, முதலில் ஒரு தட்டுப் புழுவை மட்டும் தனியே வைத்துப் பார்ப்போம் என்றாள் பிரவீனா. வெங்கடம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்கு வரும். "வத்து, வத்து" என்றார், வேண்டவே வேண்டாம் என்று. ஒன்றாக வந்த புழுவைப் பிரித்து வைப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. "இது உன்னோட கம்பெனி பேட்டரியா, ஒண்ண ஒடச்சி பாக்கறதுக்கு? உயிரு!" மணிவேல் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தான்.

காலையில் அந்தத் தட்டில் இருந்த புழுக்கள் தலையை உதறிக்கொண்டு, பச்சை பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் எல்லாம் செத்துவிட்டன.

வெங்கடம்மாள் திட்டவில்லை. தட்டைக் கொண்டுபோய்க் குழி தோண்டி மூடிவிட்டு வந்து, மருமகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அதுதான் பிரவீனாவைக் கொன்றது. பஸ்ஸில் கேள்வி இல்லை, முழங்கை இடி இல்லை. நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஆனாலும் கெட்டுப்போன ஒன்றை ஏன் கெட்டது என்று பார்க்காமல் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாதே. அந்த வார விடுமுறையில் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, ஒரு கல்லை நன்றாகச் சூடாக்கி, அப்படியே தூக்கிக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்றாள்.

"அத்த, எங்கிட்ட பேச வேணாம். இத மட்டும் மோந்து பாத்து சொல்லுங்க."

வெங்கடம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் நகரவில்லை. கடைசியில் குனிந்து மோந்துவிட்டு, "கல்லு" என்றார். அடுத்து டிரம்மிலிருந்து சுரண்டிய துருவைச் சட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். "இரும்பு." மூன்றாவது, சாக்கிலிருந்து வெட்டிய துண்டு. சட்டி பக்கத்தில் வருவதற்குள்ளேயே அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

"எந்த சாக்கு இது?"

"பரண்மேல கெடந்துச்சே, அதுதான்."

வெங்கடம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அது அவரைக்காய் விதை கட்டி வைத்த சாக்கு. விதையில் வண்டு விழாமலிருக்க, வருஷா வருஷம் பூச்சிப் பொடி தூவிக் கட்டுவார்கள். சாக்கு ஆறிக் கிடந்தவரை வாசனையே இல்லை. சூடு ஏறியதும் பொடி எழுந்து காற்றோடு போயிருக்கிறது. ஒரு துளிச் சூட்டையும் விடக் கூடாது என்று பிரவீனா வைத்த வழிதான் அதைப் புழுவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"பொடி தூவுனவ நாந்தான்" என்றார் வெங்கடம்மாள். தட்டுப் புழு செத்த பிறகு மருமகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

சாக்குகளைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். டிரம்மைத் தேய்த்துக் கழுவி, சுற்றிலும் மண்ணோடு ராகி வைக்கோலைக் குழைத்துப் பூசினார்கள். மண்ணையும் வைக்கோலையும் சட்டியில் சுட்டு, வெங்கடம்மாள் தனித்தனியாக மோந்து பார்த்துச் சரி என்றார். ஆனால் இந்தத் தடவை புழு மேல் சோதனை வேண்டாம், கரண்ட் ஹீட்டரே ஓடட்டும், இதை அடுத்த தடவை பார்க்கலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பிரவீனாவும் தலையாட்டிவிட்டாள். அவளுக்கும் பயம். ஆனால் பேனல் வயரை யாரும் கழற்றவில்லை, கல் பகலெல்லாம் சூடேறிக்கொண்டுதான் இருந்தது.

நான் அவரைக்காய் வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமை அது. அன்று தைலம் தேய்க்காமல்தான் போனேன். புழுக்கள் கடைசித் தடவையாகத் தோல் உரிப்பதற்காகத் தூக்கத்தில் இருந்தன. அப்போது தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும், தின்னாது. அந்த நேரத்தில் குளிர் தாக்கினால் தோல் சரியாகக் கழலாது. பொழுது சாயும்போது ரோட்டோர டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. மணிவேல் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, நாளை மதியத்துக்கு முன்னால் கரண்ட் வராது என்றான். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. சென்னப்பன் கரி அடுப்பை எடுத்து வைத்தார்.

வெங்கடம்மாள் டிரம்மின் குழாயருகே குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. அவருக்குச் சளி. ரெண்டு நாளாக மூக்கு அடைத்துக் கிடந்தது. ரசத்தின் வாசனைகூடத் தெரியவில்லையாம்.

"நீ சொல்லு" என்றார் மருமகளிடம். "தெறக்கலாமா, வேணாமா?"

ஊரையெல்லாம் கேள்வி கேட்டவளைப் பார்த்து ஒரு கேள்வி. பிரவீனா டிரம்மைப் பார்த்தாள், கரி அடுப்பைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று எனக்கு வாய் துடித்தது.

"தெரியல அத்த. தனித்தனியா பாத்தோம், நல்லாதான் இருந்துச்சு. எல்லாத்தயும் சேத்து புழுவுக்கு உட்டு பாக்கல. கரி அடுப்புல என்னா ஆவும்னு மட்டுந்தான் தெரியும்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. வெங்கடம்மாள் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டுப் புழு. பிரிக்கவே கூடாது என்று சண்டை போட்ட அதே கை. புழு வீட்டுக்குள் போகிற குழாயை வெளியே உருவி, தட்டை அதற்கு நேரே வைத்து, "இப்ப உடு" என்றார்.

செல்போன் வெளிச்சத்தில் அந்தத் தட்டைச் சுற்றி எல்லோரும் குத்தவைத்து உட்கார்ந்தோம். புழு தலையை உதறினால் எல்லாம் போச்சு. எனக்கோ புழு என்றால் அருவருப்பு. அன்று அருவருப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. எவ்வளவு நேரம் இருந்தோமோ, கால் மரத்துப்போனது. ஒரு புழுகூட அசையவில்லை. தூக்கிய தலை தூக்கியபடியே நின்றது.

"எல்லாத்துக்கும் உடு" என்றார் வெங்கடம்மாள்.

அடுத்த வாரம் நான் மறுபடி போனபோது புழுக்கள் விரல் பருமனுக்கு வந்து, மழை பெய்கிற மாதிரி சத்தத்தோடு இலையைத் தின்றுகொண்டிருந்தன. கரி அடுப்பு கொல்லையில் கிடந்தது. குத்தகைப் பேச்சைச் சென்னப்பன் எடுக்கவே இல்லை. வெங்கடம்மாள் மல்பெரிக் கிளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மூக்கும் வேலை செய்யல, அவளும் தெரியலைன்னு சொல்லிட்டா. எதை நம்பிம்மா புழுவைக் கொண்டுவந்து வச்சீங்க?"

அவர் கிளைக்கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"தெரியும்னு சொல்லியிருந்தா ஒரு புழுவகூட வெளிய எடுத்தாந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, "பிரவீனா, இந்தப் பக்கம் புடி" என்று மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டே புழு வீட்டுக்குள் போனார்.