பிறைக்கு ஏபிஐ இல்லை

மட்டாஞ்சேரியில் என் மாமாவின் பேக்கரியில் பேட்டரி காலியாகிக் கடை இருண்டுபோன அந்த மாலை, எங்கள் ஆபீஸ் டாஷ்போர்டில் எல்லாமே பச்சை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

எங்கள் கம்பெனி கடைகளுக்கு சோலார், பேட்டரி, அவற்றைக் கட்டி மேய்க்க இன்டர்நெட்டில் இணைந்த ஒரு கன்ட்ரோலர் பெட்டி எல்லாம் வைத்துத் தரும். கடைக்கு எப்போது கரண்ட் வேண்டும் என்று சாஃப்ட்வேர் கணிக்கும். வேண்டாத நேரத்தில் பேட்டரியில் இருப்பதை மின்வாரியத்தின் கிரிட்டுக்கு விற்றுவிடும். பஜாரின் முதல் பெட்டியை மாமா தலையில் கட்டியது நான்தான். அங்கே ஓடுகிறதா பார்ப்போம் என்று தெருவே காத்திருந்தது. அவர் கழற்றிப் போட்டால் மட்டாஞ்சேரியில் எங்கள் கடையையும் கட்ட வேண்டியதுதான்.

ரமலான் வந்தது. மற்ற மாதங்களில் காலையோடு ஓய்ந்துவிடும் அடுப்படி, நோன்பு மாதத்தில் மாலையில்தான் சூடுபிடிக்கும். சமோசா, கட்லெட் எல்லாம் எலெக்ட்ரிக் ஃப்ரையரில். போன வருடம் இதே தேதியில் நோன்பு தொடங்கியிருக்கவில்லை, மாலையில் கடை சும்மா கிடந்தது. இந்த வருடமும் அப்படித்தான் என்று சாஃப்ட்வேர் முடிவு கட்டி, பேட்டரியை வழித்துத் துடைத்து விற்றுவிட்டது. நோன்பு வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பது மாடலை எழுதிய பெங்களூர் டீமுக்கு உறைக்கவே இல்லை.

சூரியன் மறைந்ததும் நோன்பு திறக்கச் சொல்லும் மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் தெருவில் கரண்ட் போனது. மாமாவிடமிருந்து போன்.

"எந்தா மோளே இது? ஆளுக நோம்பு தொறக்கப் பலகாரம் கேட்டு நிக்குது. சமோசா பாதி வேக்காட்டுல கிடக்கு. உன் ஆப்பு எனக்கு 'அபிநந்தனங்கள், இன்று கரண்ட் விற்றீர்கள்'னு மெசேஜ் அனுப்புது! நாளைக்கு பாங்குக்குள்ள சரியாக்கு. இல்லேங்கில் பெட்டி காயல்ல கிடக்கும்."

எனக்கு அவமானமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அதை அவரிடம் காட்டவில்லை.

பெங்களூர் மேனேஜர் கார்த்திக்கைப் பிடித்தேன்.

"சிம்பிள். அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து ரம்ஜான் தேதியைக் கான்ஃபிக்ல போட்டுடுங்க. அடுத்த வருஷம் என்னிக்கு ஆரம்பிக்குது?"

"பிறை பார்த்தாத்தான் தெரியும்."

"அதுக்கு ஏதாச்சும் ஏபிஐ இருக்கா? நம்ம சாஃப்ட்வேரே கேட்டுத் தேதியை எடுத்துக்குமே."

"கார்த்திக், ஆளுங்க வானத்தைப் பார்த்துட்டு வந்து சொல்லுவாங்க."

"அவங்க பார்த்ததும் நம்ம சர்வருக்கு வெப்ஹூக் அனுப்புவாங்களா?"

இவரோடு பேசிக்கொண்டிருந்தால் நாளைய பாங்கே சொல்லிவிடுவார்கள் என்று, ஆப்பில் ஒரு பட்டன் வைத்தேன். பெயர் 'நோம்பு'. அமுக்கினால் பேட்டரி மொத்தமும் கடைக்குத்தான், ஒரு துளி விற்காது. டெஸ்டிங் முடித்து மறுநாள் மதியமே மாமாவின் போனில் ஏற்றினேன்.

அன்று மாலையும் கரண்ட் போனது. தெரு முழுக்க இருட்டு, மாமா கடையில் மட்டும் வெளிச்சம், ஃப்ரையரில் சமோசா பொரியும் சத்தம். எதிரே ஃப்ரீசரில் மீன் வைத்து விற்கும் ஜோசப் சேட்டன் ஓடி வந்தார்.

"மோளே, நான் நோம்பொண்ணும் பிடிக்குன்னில்லா. ஆனா அந்த பட்டன் எனக்கும் வேணும்."

பெருநாள் முடிந்தும் மாமா பட்டனை விடுவிக்கவில்லை. கரண்ட் விற்பனை வரைபடம் படுத்துவிட்டதென்று கார்த்திக் அவரையே எங்கள் கான்ஃபரன்ஸ் காலுக்குள் இழுத்தார்.

"சார், நோம்பு முடிஞ்சிடுச்சே? பட்டனை ஆஃப் பண்ணலாமே?"

"பேட்டரி என்னுதல்லே? நீங்க முதல்ல வித்திட்டு மிச்சத்த எனக்குத் தர்றீங்க. எனக்கு வேண்டியது போக மிச்சம் உண்டெங்கில் நீங்க வித்துக்கோங்க."

கார்த்திக் அதை அப்படியே குறித்துக்கொண்டார். முதலில் கடைக்கு, மிச்சம்தான் விற்பனைக்கு என்று அந்த வாரமே சாஃப்ட்வேர் கோடில் வரிசையைத் திருப்பிப் போட்டோம். ஜோசப் சேட்டனுக்குப் பின்னால் கடை கடையாகப் பெட்டி ஏறியது. எங்கள் கணிப்பு எவ்வளவு துல்லியம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "இத நிறுத்த பட்டன் உண்டல்லோ?"

அதனால்தான் சொல்கிறேன், எந்த மெஷினைச் செய்தாலும் அதன் வாயை மூடும் பட்டனை முதலில் செய்யுங்கள்.