உள்ளிருந்து திறக்காத கதவு

புக்கிட் செலம்பாவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர், நொறுங்கிய காரின் அச்சையும் வேன் கதவையும் கொண்டு, காருக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் படுத்துறங்க ஒரு குட்டி வண்டி கட்டிக்கொண்டிருந்தார். ஒடிசலான ஆள். எதைப் பொருத்தினாலும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். அன்று முட்டிகளில் பிளாஸ்திரி.

“தம்பி, உள்ள படுத்துத் தட்டுங்க” என்றார். கதவு சாத்தியதும் இருட்டு. உட்பக்கம் கைப்பிடி இல்லை. தட்டினேன், கத்தினேன். சட்டை நனைந்துவிட்டது.

திறந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. “ரோட்டுல நின்னு பாத்தேன். ஒன்னும் கேக்கல லா.”

“ஏண்ணே இப்படி?”

“நேத்து நான் இதுக்குள்ள மாட்டிக்கிட்டேன். சாயங்காலம் வரைக்கும் தட்டினேன். பின்பலகைய ஒடச்சித்தான் வந்தேன், காலையிலதான் வேற பலகை அடிச்சேன். ரோட்டுல போனவங்க கேட்டும் வராமப் போனாங்களோன்னு ராத்திரி தூக்கமே இல்ல.”

இப்போதும் அந்தக் கடையைத் தாண்டும்போது மோட்டார் சைக்கிளை நிறுத்திக் காது கொடுக்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.