இடம் மாறிய துண்டு

மரக்கிளையில் தொற்றி வளரும் காட்டு ஆர்க்கிட்களின் குரோமோசோம்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வெயில் ஏறும் நேரத்தில் வேர்நுனியைக் கிள்ளி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். மாகறலில் ஒரு புளியமரத்திலிருந்து எடுத்து வந்த செடியில், ஒரு குரோமோசோமின் துண்டும் இன்னொன்றின் துண்டும் உடைந்து, இடம் மாறி ஒட்டியிருந்தன. செடிக்கு ஒரு குறையும் இல்லை. காய்த்தால் மட்டும் பாதி விதை பதராகிவிடும். புது இனங்கள் இப்படியும் கிளைக்கும் என்று கல்லூரியில் வாய் கிழியப் பாடம் நடத்துவேன்.

எனக்கு இரண்டு முறை கரு கலைந்த பிறகு டாக்டர் என் குரோமோசோம் படத்தைக் காட்டினார். அதே கூத்து என் உடம்பிலும். உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது முறை உண்டானபோது, வயிற்றிலிருந்து பனிக்குட நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். துண்டு கூடியோ குறைந்தோ இருந்தால் இந்தப் பிள்ளையும் தங்காது. செவிலிமேட்டு வீட்டில் முடிவுக்காகக் காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து, கொல்லையில் தொங்கவிட்டிருந்த மாகறல் செடி புது வேர் விட்டது. காலையில் பிளேடோடு போனால், பழைய வெட்டுகளிலும் புது நுனிகளிலும் மஞ்சள் அப்பியிருந்தது. பக்கத்தில் மாமியார், கையில் மஞ்சள் கிண்ணம்.

"என்ன அத்தை இது? எல்லாம் வீணாப்போச்சே!"

"கத்தாதமா. மாசமா இருக்கிற வீட்ல உசுரு உள்ளத அறுக்கக் கூடாது. உன் புருஷனையே தேங்கா உடைக்க விடாம வெச்சிருக்கேன். நீ பாட்டுக்கு அறுத்துக்கினே இருக்கிற. பாவம், காயம் ஆறட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. டாக்டர்தான். பேசி முடித்து போனைக் கீழே வைத்தேன்.

"இன்னாமா சொன்னாங்க?" மாமியாருக்கு முகமே செத்துப்போயிருந்தது.

"எதுவும் கூடலை, குறையலை அத்தை. ஆனா துண்டு இடம் மாறித்தான் இருக்குதாம். அப்படியே என்னை மாதிரி." ஏனோ தப்புச் செய்தவள் போலத் தலை குனிந்தது. "நாளைக்கு அதுக்கும் இதே கஷ்டம் வரலாம்."

"உன்ன மாதிரியேவா? நல்லா படிக்கும், வாய் மட்டும் காது வரைக்கும் நீளும். அவ்ளோதானே? எனக்கு அது போதும்மா."

மஞ்சள் விரலாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டார். எரிந்தது. கையைத் தள்ளிவிட மனம் வரவில்லை.