பார்படோஸில் முழங்கால் அளவு பாயல்

வைப்பின் தீவிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மிணிக்கு ரஃபீனாவின் வீட்டு வாசலில் மட்டும் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். எந்தப் படகு, யார் வலை, இந்த மீன் எதைத் தின்று வளர்கிறது என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் ரஃபீனா சட்டியை நீட்டுவாள்.

"இவளுக்கு ஒரு சாயா குடுத்தா, பால் தந்த பசுவோட பேரு என்னன்னு கேப்பா" என்பான் அவள் கணவன் சிகாபுதீன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு மண்டி வேலைக்காகத் தென்காசிப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம் அவளுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். கல்யாணமாகி, மகள் ஹாதியாவை மடியில் போட்டுக்கொண்டே தபால் வழியில் இங்கிலீஷ் பி.ஏ. எழுதித் தேறினாள். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பட்டம் என்ற ஒன்று நுழைந்தது அவளால்தான். அந்தப் பட்டம்தான் இப்போதைய வேலையையும் வாங்கித் தந்தது.

காக்கநாட்டில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு பயண நிறுவனம். வெளிநாட்டுக்காரர்கள் கைபேசியில் எழுதிக் கேட்கும் கேள்விகளுக்கு வீட்டிலிருந்தே எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஆறு மாதம் தற்காலிகம். நன்றாகச் செய்தால் நிரந்தரம். ரஃபீனாவுக்குக் கிடைத்தது யாரும் விரும்பி எடுக்காத பிரிவு: கையைக் கடிக்காத கரீபியன் விடுமுறை. இங்கிலாந்திலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் சின்ன விடுதிகள், உள்ளூர் பஸ், தானே சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பு.

மற்றவர்கள் நிறுவனம் தந்த ஆயத்தப் பதில்களையே எடுத்து ஒட்டினார்கள். ரஃபீனாவுக்கு அது போதவில்லை. பார்படோஸ் தீவின் கிழக்குக் கரையில் விடுதி நடத்தும் மிஸ் வெர்னாவையே கேட்டாள். இங்கே மாலைச் சாயா நேரம் என்றால் அங்கே வெர்னாவுக்கு விடிந்திருக்கும். காலையில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டதற்கு வெர்னா ஒரு படம் அனுப்பினாள். தணலில் சுட்ட பச்சைக் காய், சீமைப்பலா.

"இக்கா, இங்க வந்து பாருங்க! நம்ம கடச்சக்கை! அங்கயும் இருக்கு!"

"அங்கேருந்து கப்பலேறி இங்க வந்திச்சோ, இங்கேருந்து அங்க போச்சோ. நீ அதையும் கேக்காம விடமாட்ட" என்றான் சிகாபுதீன். அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள்.

ஆறாவது மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது கானர் என்ற இளைஞன் எழுதினான். ஐந்து நண்பர்கள். வெர்னாவின் விடுதி ஏன் இவ்வளவு மலிவு, உள்ளே என்ன கோளாறு, உண்மையைச் சொல் என்றான்.

உண்மை ரஃபீனாவுக்குத் தெரியும். அவர்கள் போக நினைத்த பருவத்தில் கிழக்குக் கரையில் கடற்பாசி குவியும். ஆப்ரிக்காப் பக்கமிருந்து கடல் கொண்டுவருவதாக வெர்னா சொல்லியிருந்தாள். ரஃபீனாவுக்கு இது புதிதில்லை. மழைக்காலத்தில் ஃபோர்ட் கொச்சிக் கரையில் வந்து அடையும் பச்சைக் களையை ஊரே ஆப்ரிக்கன் பாயல் என்றுதான் சொல்லும். பாயலுக்கு இங்கிலீஷ் என்ன? களைதானே. களைக்கு வீட் என்று பள்ளியிலேயே படித்தது. அப்படியே எழுதினாள்: "மலிவுக்குக் காரணம் ஆப்ரிக்கன் வீட்."

கானர் கேட்டான். "எவ்வளவு இருக்கும்?"

"தினமும் காலையில் குவியல் குவியலாக. சில நாள் முழங்கால் அளவு."

"போலீஸ் ஒன்றும் சொல்லாதா?"

போலீஸுக்கு இதில் என்ன வேலை என்று அவளுக்கு விளங்கவில்லை. "போலீஸ்காரர்களும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். விவசாயிகள் வந்து உரத்துக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். யாரும் தடுப்பதில்லை" என்று எழுதினாள்.

அடுத்த நிமிடமே இரண்டு அறைகள் பதிவாயின. அந்தப் பிரிவில் அந்த ஆண்டு வந்த பெரிய பதிவு அதுதான். மேலாளர் விபின் சுள்ளிக்கல்காரன், அவளைவிட வயதில் இளையவன். உடனே கூப்பிட்டான். "ரஃபீனா இத்தா, கலக்கிட்டீங்க கேட்டோ! வெள்ளிக்கிழமை கன்ஃபர்மேஷன் உறப்பு, சந்தேகமே வேண்டாம்."

வேலை நிரந்தரமாகிறது என்ற சந்தோஷத்தைவிட ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. அழுகி நாறுகிற பாயலைப் பற்றிக் கேட்டு ஐந்து பேர் ஏன் துள்ளிக் குதிக்க வேண்டும்? மண்டியிலிருந்து வந்த சிகாபுதீனிடம் அந்த உரையாடலை வாசித்துக் காட்டினாள். பாதியிலேயே அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் மூச்சு முட்டியது.

"எடி ரஃபீ, 'வீட்'னா இப்போ கஞ்சாடி! மண்டியில சுமடு எடுக்கற பயலுகளுக்கே தெரியும். நீ இங்கிலாந்துக்காரனுக்குக் கஞ்சா வித்திருக்க!"

"அல்லாஹ்! நான் பாயலத்தானே சொன்னேன்!"

"முழங்கால் அளவு! போலீஸ் தாண்டிப் போகும்!" அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு நிதானமாகச் சொன்னான். "மிண்டாம இரு, வாயத் தொறக்காத. நீ ஒரு வார்த்தை பொய் சொன்னியா? இல்லல்ல? வெள்ளிக்கிழமை கழியட்டும்."

பொய் சொல்லவில்லை என்பது நிஜம்தான். வேலை வேண்டும் என்பதும் நிஜம். ஆனால் அந்தப் பையன்கள் கிழக்குக் கரையில் இறங்கி, பழுப்பாக அழுகும் குவியலுக்கு முன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் கண்ணுக்குள் வந்தது. முதலில் சிரிப்பு. அப்புறம் வெர்னாவின் முகம். அவர்களுடைய ஏமாற்றமெல்லாம் வெர்னா தலையில்தானே விடியும்?

"ஒரு வாரமா அத மனசுல வெச்சிட்டு என்னால சோறு தின்ன முடியாது இக்கா."

கானருக்கு எழுதினாள். நான் சொன்னது கடலில் மிதந்துவரும் பாசி. அது அழுகினால் கூமுட்டை மாதிரி நாறும். நீங்கள் நினைத்த பொருள் அங்கே சட்டப்படி குற்றம். என் இங்கிலீஷுக்கு மன்னிக்கவும். பிறகு கை நிற்கவில்லை. வெர்னாவிடம் மாதக்கணக்காகக் கேட்டுச் சேர்த்ததெல்லாம் வந்தது. மேற்குக் கரையில் பாசி குறைவு, தண்ணீர் குளம் போல் கிடக்கும், விடுதி வாசலிலிருந்தே பஸ், சுட்ட கடச்சக்கை, பொரித்த பறவைக்கோலா மீன், ஞாயிற்றுக்கிழமை கரையில் கிரிக்கெட்.

மறுநாள் விபின் கூப்பிட்டபோது குரலில் நேற்றைய இனிப்பு இல்லை. "ஒரு ரூம் கேன்சல். ரெண்டு பேர் கழண்டுட்டாங்க. எதுக்கு இத்தா வலியப் போய் விளக்கம் சொன்னீங்க?"

"அவங்க அங்க போய் எறங்கினதும் தெரியாமப் போயிடுமா?"

"அது வெர்னாவோட தலவலி."

"அதுக்காகத்தான் சொன்னேன்."

அவன் பெருமூச்சு விட்டான். "மேல உள்ளவங்க இப்போ கன்ஃபர்ம் பண்ணமாட்டாங்க. மூணு மாசம் கூட நீட்டியிருக்கேன். அதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனி புதுசா ஒரு வார்த்தை எழுதறதுக்கு முந்தி என்னை விளிக்கணும், மனசிலாயோ?"

சாயாக் கோப்பையோடு பக்கத்தில் நின்ற சிகாபுதீன் கண்ணாலேயே கேட்டான். வேலை போயிற்றா?

"நீட்டிட்டாங்க" என்றாள். நிரந்தரமானதும் வாங்கலாம் என்று ஹாதியாவிடம் சொல்லிவைத்த சைக்கிளுக்கு இனி என்ன சொல்வது என்று யோசித்தபடி கணினிப் பக்கம் திரும்பினாள்.

கானர் எழுதியிருந்தான். மீதி மூன்று பேரும் கட்டாயம் போகிறார்கள். நண்பர்களிடம் அந்த முழங்கால் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து வயிறு வலிக்கிறதாம். கூடவே ஒரு சந்தேகம்: மூவரில் ஒருவனுக்கும் நீந்தத் தெரியாது. பரவாயில்லையா?

"இக்கா!" அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "நீந்தத் தெரியாதவங்க எதுக்கு இக்கா கடலத் தேடி அவ்ளோ தூரம் போறாங்க?"

"அதையும் அவங்ககிட்டயே கேளு."

அவள் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தாள்.