முன்கூட்டி எழுதிய கடைசி வரி

பத்திரிகை அலுவலகத்தில் அவளை 'வெறுங்கை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வார்த்தைகூட முன்கூட்டி எழுதி வைக்காமல் செய்திக்குக் கிளம்புகிறவள் அங்கே அவள் ஒருத்திதான். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் 'உதவி தேவை' பகுதியை அவள் தலையில் கட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்ட உதவி ஆசிரியர் பழம் தின்று கொட்டை போட்டவர். கிளம்புமுன்பே செய்தியை எழுதிவிட வேண்டும், போன இடத்தில் பெயரையும் வயதையும் நிரப்பினால் போதும் என்பது அவர் சொல்லிக்கொடுத்த பாடம்.

"கஷ்டப்படுற வீடெல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும். எழுதிட்டுப் போ."

"பொய்யாயிடாதாண்ணே?"

"படிக்கிறவன் அழணும். அதான் நம்ம வேலை."

நல்ல வேலைதான் போங்கள்!

மூச்சுவிட முடியாமல் படுத்திருக்கும் கணவனுக்கு ஆக்சிஜன் கருவி வேண்டுமென்று ஒரு தையல்காரி அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தாள். வெறுங்கை கேன்டீனில் உட்கார்ந்து எழுதித் தள்ளினாள். ஒழுகும் கூரைக்குக் கீழே பச்சை வாளி. தையல் மிஷின்மேல் பாதி தைத்த குழந்தைச் சட்டை. கதவைத் திறக்கும் மனைவி கையில் மூடி திறக்காத மருந்து பாட்டில். கடைசி வரி அவளுக்கே பிடித்துப்போனது: 'நாங்கள் படி இறங்கும்போது மேலே அந்த மனைவியின் அழுகுரல் கேட்டது.'

போட்டோக்காரரோடு மாடியேறிக் கதவைத் தட்டினாள். தையல்காரி திறந்தாள். கையில் மருந்து பாட்டில், மூடி திறக்கவில்லை.

உள்ளே பச்சை வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியிலோ வெயில் மண்டையைப் பிளந்தது. மிஷின்மேல் சின்னச் சட்டை ஒன்று, ஒரு கை மட்டும் தைக்காமல்.

"யாருக்குக்கா இந்தச் சட்டை?"

"தெரியல தங்கச்சி. எங்களுக்குப் புள்ளை கிடையாது. காலையில எந்திரிச்சுப் பாத்தா இங்க இருக்கு."

வெறுங்கை தான் எழுதிய தாளைப் பிரித்துக் கடைசி வரியை மறுபடி படித்தாள். கட்டிலில் அந்த மனிதரின் நெஞ்சு ஏறி இறங்கியது, நின்றது, மறுபடி ஏறியது.

"போட்டோ எடுத்தாச்சு. கிளம்பும்மா," என்றார் போட்டோக்காரர். எழுதுவதோடு நம் வேலை முடிந்தது, உதவி தானாக வரும் என்பது அவர்கள் நினைப்பு.

வாசல்வரை போனவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நான் இறங்க மாட்டேண்ணே. ஆம்புலன்சைக் கூப்பிடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா. கூப்பிடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கூப்பிட்டார். வந்தவர்கள் நோயாளியின் முகத்தில் மாஸ்க்கை மாட்டி ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். வெறுங்கை தையல்காரியின் தோளைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க முன்னாடி இறங்குங்க."

"எதுக்கு?"

"கேக்காதீங்க. இறங்குங்க."

மேலே ஆளே இல்லையென்றால் அழ யார் இருப்பார்கள்? இதுதான் அவள் கணக்கு. எல்லோரும் இறங்கத் தொடங்கிய பிறகு, காலி வீட்டை ஒரு தடவை பார்த்து, தன் கையாலேயே பூட்டினாள்.

பாதிப் படியில் இருந்தபோது மேலே அழுகுரல் கேட்டது.

போட்டோக்காரர் முகம் வெளுத்துப்போனது. தையல்காரி அப்படியே நின்றாள். "தங்கச்சி... அது என் குரலு." அவள் கால் மேலே ஏறத் திரும்பியது.

வெறுங்கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "உங்க வீட்டுக்காரர் கீழ போறாருக்கா. அவர்கூடப் போங்க."

தையல்காரி ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். பிறகு இறங்கிவிட்டாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். இருவரும் வேறு வீடு பார்த்துப் போனார்கள். அந்தச் செய்தியை வெறுங்கை அச்சுக்குக் கொடுக்கவே இல்லை, உதவி ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் நிலைத்துக் குடியிருந்ததில்லை. மேலே ஒரு பெண் ஓயாமல் அழுகிறாளாம். பாவம், அவளுக்கும் உதவி தேவைதான். அவளை எழுதி வைத்தவள் எத்தனையோ முறை அந்தப் படிக்கட்டுவரை போயிருக்கிறாள். மேலே ஏறத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.