கிளி காவல் காத்த சட்டை

அந்தக் கிளிக்கு என் மனைவியைத் தவிர வேறு யாரும் ஆகாது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலே பறந்து வந்து ரத்தம் வரும்படி விரலைக் கடிக்கும். "ஏனுங்க, வாயில்லாத ஜீவன்கிட்டப் போயி மல்லுக்கு நிக்கறீங்களே" என்பாள். அதற்கு வாய் இல்லையாம். பிறகு என்னைக் கடித்தது எது?

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்கு வேலை. புடவையில் பஞ்சு ஒட்டாமலிருக்க, என் பழைய நீலச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு தைப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கிளி அவள் தோளில் ஏறி, சட்டையில் ஒட்டிய பஞ்சையெல்லாம் பிடுங்கிப் போடும்.

முதல் பிரசவத்துக்கு அவள் கொமரலிங்கத்துக்கு, தாய்வீட்டுக்குப் போனாள். கிளி தீனியைத் தொடவில்லை. நான் போன் செய்தால், எடுத்ததுமே "கிளி தின்னுச்சுங்களா?" என்பாள். நான் தின்றேனா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் ஆணியில் தொங்கிய அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு கூண்டைத் திறந்தேன். கிளி என் தோளுக்கு வந்தது. காலரில் இருந்த பஞ்சைப் பிடுங்கியது. நான் நீட்டிய கொய்யாத்துண்டைக்கூடக் கொறித்தது. அப்புறம் தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தது. பார்த்ததும் காதைக் கடித்துவிட்டது.

என் சட்டைதான், நான் வாங்கியதுதான். அதை அந்தக் கிளிக்கு எப்படிச் சொல்வது? சட்டையைக் கழற்றி மறுபடியும் ஆணியில் மாட்டினேன். கிளி பறந்துபோய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் ஊருக்குப் போனதிலிருந்து அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தது நான்தான்.